சிதம்பரத்துச் சேவல்

இப்போதெல்லாம் கோழியின் இறகு ஒன்றை வேரோடு பிடுங்கி உறையில் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் அதன் வம்சத்தையே சொல்லிவிடுகிறார்களாம். நான் வேலை பார்த்த பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கால்நடை டாக்டர் பெண் தொலைபேசியில் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "மேடம், அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இங்க கையாலயே கண்டுபுடிப்பீங்களாமே, ஜெயசீலி முறைன்னு? அத நீங்க எழுதிக் குடுத்தா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. வேலையை விட்டு வந்து இத்தனை காலமாகியும் எரிகிறது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். ஆனால் முறையை மட்டும் எழுதினால் பேர் முழுக்க அவளுக்குப் போய்விடும். அதனால் என் கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் இருந்தது கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தை ஒட்டிய ஒரு தனியார் நாட்டுக்கோழிப் பண்ணையில். புகுந்த வீடு வடலூர்க்காரர்கள். முட்டைகூட வாசற்படி தாண்டாத குடும்பம். "வளக்கிற வேலதான் மாமா, அறுக்கிற வேல இல்ல" என்று மாமனாரிடம் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வேலைக்கு வந்தேன். சாயங்காலம் பண்ணையிலேயே குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். தீனி, தண்ணீர், தடுப்பூசி, எரு அள்ளுவது என்று ஆரம்ப வருடங்கள் போய்விட்டன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தணிகாசலம் சார் வந்த பிறகுதான் வேலைக்கு ஒரு ருசி வந்தது. அரசாங்கத்தில் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் பண்ணைக்குப் பொறுப்பாக வந்தவர். கடலூர் வெயிலைத் தாங்குகிற கோழி எது என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். அதற்காக மூன்று வகைகளைத் தனித்தனி அறைகளில் வைத்திருந்தார். ஒன்று சாதாரணக் கோழி. இரண்டாவது மொட்டைக் கழுத்துக் கோழி. கழுத்தில் இறகே இருக்காது, முட்டையிலிருந்து வெளியே வரும்போதே மொட்டையாகத்தான் வரும். மூன்றாவது சுருட்டைக் கோழி. அதற்கு இறகெல்லாம் உடம்போடு படியாமல் வெளிப்பக்கமாகத் திரும்பிச் சுருண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் யாரோ அதைப் பிடித்துத் தலைகீழாகச் சீவிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். வெயிலில் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறும். மழையில் நனைந்தால் ஈரம் நேராகத் தோலில் இறங்கி நடுங்கும்.

சார் யாரையும் திட்டமாட்டார். பேசும்போது ஒரு கோழியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் பேசுவார். அதுவும் சொன்னபடி கேட்டுக்கொண்டு இருக்கும். கோபம் வந்தால் மட்டும் மூலையில் இருக்கிற துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைத் தானே பெருக்க ஆரம்பித்துவிடுவார். அவர் கையில் துடைப்பத்தைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் கை கால் ஓடாது. ஏதாவது சொல்லப் போனால், "பாத்ததச் சொல்லுங்க. நெனச்சத அப்பறம் கேட்டுக்கறேன்" என்பார்.

சுருட்டை எப்படி இறங்குகிறது என்பதை அவர் புளியங்கொட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அந்தக் கொட்டை. "அப்பங்கிட்டேந்து ஒண்ணு, அம்மாகிட்டேந்து ஒண்ணு. வெள்ளைதான் சுருட்டை. ஒரு வெள்ளை விழுந்தா சுருட்டைக் கோழி. வெள்ளையே விழலன்னா சாதாக் கோழி. ரெண்டும் வெள்ளையா விழுந்துச்சுன்னா பாவம், இறகு பஞ்சு மாதிரி வந்து உதுந்துபோயி அம்மணமா நிக்கும், ரொம்ப நாள் தாங்காது." அதனால் சுருட்டைச் சேவலுக்குச் சாதாப் பெட்டையைத்தான் சேர்ப்போம். குஞ்சுகளில் பாதி சுருட்டை, பாதி சாதா. இரண்டு பக்கமும் சுருட்டையைச் சேர்த்துச் சுத்த வம்சம் எடுக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அம்மணக் குஞ்சுதான் மிஞ்சும்.

சாதாக் கோழிக்கு வெள்ளையே கிடையாது. அதனால் சாதாவும் சாதாவும் சேர்ந்தால் சுருட்டை வரவே வராது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தலையில் கல் விழுந்தது இதனால்தான்.

2004-இல் முதலாளி சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பண்ணை ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் ஜெயசீலி. விலங்கியல் பட்டதாரி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வந்த முதல் நாளே சாரிடம் என்னவோ கேட்டு, அவர் சிரித்து, அக்குளில் இருந்த கோழியை அவள் கையில் கொடுத்துவிட்டார். நான் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அந்தக் கோழியை அவர் என்னிடம் கொடுத்ததில்லை.

எங்கள் பண்ணையில் கூட்டம் என்றால் அவள் நேரத்துக்கு வரமாட்டாள். கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து முறுக்கு தின்பாள். என் பேனாவை வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வராது. ஆனாலும் அவளுடைய கோழிகள் நன்றாக முட்டையிட்டன. சார் அவளை "ஜெயசீலி" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை, "கடலூர் என்ன சொல்லுது?" என்பார். அவளுக்குப் பேர், எனக்கு ஊர். அவளிடம் ஸ்கூட்டி இருந்தது. நான் கூட்டத்துக்குச் சிதம்பரம் போவதென்றால் சிப்காட் ரசாயன ஆலை நாற்றத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே போகவேண்டும். போய் இறங்கினால் அவள் வாசலில் நின்று, "வாங்கக்கா, டீ சொல்லியாச்சு" என்பாள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தாள். வசமாக மாட்டினாள் என்று நினைத்து, "எங்க வீட்ல முட்ட சேக்கமாட்டோம்மா" என்று மாமனார் காதுபடச் சொன்னேன். "தெரியும்க்கா. முட்ட போடாம தனியா செஞ்சது" என்றாள். மாமனார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அந்தப் பெண் எப்போது மறுபடி வரும் என்று கேட்டார்.

இப்படியே இரண்டு மூன்று வருடம் போனது. பிறகு முதலாளி ஒரு முடிவு எடுத்தார். இரண்டு பண்ணையிலும் இருக்கிற நல்ல தாய்க்கோழிகளையும் சேவல்களையும் ஒன்றாகச் சேர்த்து மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு தாய்க்கொட்டகை கட்டுவது, அதற்கு ஒரே ஆளைப் பொறுப்பாகப் போடுவது. ஆள் யார் என்பதைச் சார் பொங்கலுக்குச் சொல்வார். ஒன்று நான், இல்லாவிட்டால் அவள். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். ராத்திரி படுத்தால் அந்தக் கொட்டகையின் சாவிக்கொத்துதான் கண்ணில் நிற்கும்.

என் பலம் கதவு. கோழி இனம் பிரித்து வளர்க்கிற இடத்தில் கதவுதான் எல்லாம். என் அறைகளுக்கு நடுவே கம்பி வலையும் தாழ்ப்பாள் போட்ட கதவும் உண்டு. ஒரு கதவைப் பூட்டி, பிடித்து ஆட்டிப் பார்த்து, செருப்பை மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்த பிறகுதான் அடுத்த கதவைத் திறப்பேன். சாவியை இடுப்பில் செருகியிருப்பேன். இன்னொருவர் கையில் கொடுத்ததே கிடையாது. சிதம்பரத்தில் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சாரிடம் சொல்லவும் செய்தேன்.

ஒரே ரத்தம் ஊறிப்போகக் கூடாது என்பதற்காக இரண்டு பண்ணைகளும் அவ்வப்போது சேவல்களை மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த வருடம் கோடை முடிகிற சமயத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு சிவப்புச் சேவல் வந்தது. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். சாதாக் கோழிகள் இருந்த என் அறையில், ஏற்கெனவே இருந்த மூன்று சேவல்களோடு அதை விட்டோம். காலில் வளையம் மாட்டும் வேலையைக்கூட இன்னொருத்தியைச் செய்யச் சொன்னேன். ஜெயசீலி தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேவலைத் தொட்டுத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். எங்களிடம் சாதாக் குஞ்சுகள் வாங்கிப் போனவர்.

"இன்னாங்க இது? நான் கேட்டது நல்ல கோழி. நீங்க குடுத்ததுல இத்தினியும் பரட்ட. மழ வேற ஜாஸ்தியா இருக்கு, நடுங்கிக்கினு நிக்கிது."

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். இறக்கையில் முளைத்த இறகெல்லாம் வெளியே திரும்பிச் சுருண்டிருந்தது. மொட்டைக் கழுத்து மாதிரி இல்லை இது. பொரிக்கும்போது எல்லாக் குஞ்சும் ஒரே பஞ்சுதான். உண்மையான இறகு முளைத்த பிறகுதான் சுருட்டை தெரியும். அவர் வீட்டுக்குப் போன பிறகு அது வேலையைக் காட்டியிருந்தது. உடனே ஓடிப்போய் எங்களிடம் மிச்சமிருந்த குஞ்சுகளைப் பார்த்தேன். அங்கேயும் நாலைந்து சுருண்டிருந்தன.

சாதா அறையில் சுருட்டைக் குஞ்சு. அந்த ஒரு வரியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அப்படியென்றால் பக்கத்து அறையிலிருந்த சுருட்டைச் சேவல் உள்ளே வந்துபோயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியென்றால் கதவு திறந்திருந்தது. என் கதவு. சார் இத்தனை வருடம் பிரித்துப் பிரித்து வைத்துப் பார்த்த ஆராய்ச்சி முழுக்கக் குப்பைக்குப் போகும்.

சார் வந்தார். கூடையைப் பார்த்தார். கோழி எதையும் தூக்காமல் என்னைக் கேட்டார்.

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு சார்."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார். ஆட்டிப் பாத்தேன். டெய்லி ஆட்டிப் பாப்பேன்."

"அப்ப இது எப்படி?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "சிதம்பரத்துச் சேவல்தான் சார்."

கூட நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். சாருக்கே உதட்டோரம் துடித்தது. "போன மாசம் தீனி பூசணம் புடிச்சப்ப, சாக்கு சிதம்பரத்துலேந்து வந்துச்சுன்னீங்க. அதுக்கு முந்தி கோழிக்குப் பேன் வந்தப்பவும் சிதம்பரம்னீங்க. இந்த மழையும் அங்கேந்துதான் வருதா? அந்தச் சேவல் சாதாச் சேவல்மா. வந்தன்னிக்கே நானும் பாத்தேன். சாதாச் சேவலுக்குச் சுருட்டை எங்கேந்து வரும்?"

சார் மூலைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்தார். அந்த அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பெருக்கினார். பெருக்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "சாவி கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் அப்படி அவமானப்பட்டதில்லை. அன்று குளிக்கும்போது மோட்டார் சத்தத்தில் அழுதேன். அழும்போதும் என் மனசில் ஓடியது, இந்நேரம் சிதம்பரத்துக்குச் செய்தி போயிருக்கும், அவள் முறுக்கு தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதுதான்.

செய்தி போயிருந்தது. மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மழைக்கோட்டைக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, மொகமே சரியில்ல?"

"வேடிக்க பாக்க வந்தியா?"

அதை அவள் காதில் வாங்கவில்லை. "கதவ நீங்கதான பூட்னீங்க?"

"ஆமா."

"ஆட்டிப் பாத்தீங்க?"

"பாத்தேன்னு எத்தன பேருக்குதான் சொல்றது?"

"அப்ப கோழியத்தான் பாக்கணும்" என்றாள். சாரிடம் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சாவி அவள் கையில் தொங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனேன்.

இனி டாக்டர் பெண் கேட்ட முறை. அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு தீனி மூட்டையைப் போட்டு உட்கார்ந்தாள். சேவல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னாள். சேவலை மடியில் மல்லாத்தி, ஒரு கையால் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். அது அடங்கும் வரை பேசாமல் இருந்தாள். அடங்கியதும் திருப்பி, கழுத்திலிருந்து முதுகு வரை கட்டைவிரலை இறகின் போக்கிலேயே ஒட்டி ஒட்டி இறக்கினாள். சாதா இறகு விரலுக்குக் கீழே படிந்தே போகும்; நுனி எதுவும் விரலில் உரசாது. பிறகு ஒரு பக்கத்து இறக்கையை விசிறியாக விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே, பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். மேலேயிருந்து பார்க்கக் கூடாது. மேலேயிருந்து பார்த்தால் எல்லா இறகும் நேராகத்தான் தெரியும். ஓரத்திலிருந்து பார்த்தால்தான் எந்த நுனி தூக்கியிருக்கிறது என்று தெரியும். ஒரு இறக்கை முடிந்ததும் மற்றதையும் அப்படியே பார்த்தாள். சுருக்கு வழி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

என் சேவல்கள் மூன்றையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைசியாக அந்தச் சிவப்பு. முதுகில் விரலை இறக்கும்போதே பாதியில் நிறுத்தினாள். மறுபடி மேலே போய் இறக்கினாள். இறக்கையை விரித்துப் பிடித்து, "அக்கா, இங்க குனிஞ்சு பாருங்க" என்றாள்.

குனிந்தேன். எங்கள் தலைகள் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனியவேண்டியிருந்தது. வரிசையாக நின்ற இறகுகளில் இரண்டோ மூன்றோ, நுனியில் மட்டும், நகத்தை வெட்டாமல் விட்டால் தெரியுமே அவ்வளவு, வெளிப்பக்கமாகத் தூக்கியிருந்தன.

என் மனசு குதித்தது. சிதம்பரத்துச் சேவல்தான்! நான் சொன்னதுதான்! எழுந்து ஓடி ஊரைக் கூட்டியிருப்பேன். ஆனால் அதற்குள் அவளே சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சார் அறை வாசலில் போய் நின்று, பண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள்.

"சார், என் சேவல்தான் சார். நான் ஓரத்துலேந்து பாக்காம அனுப்பிட்டேன். அக்கா கதவு மேல தப்பே இல்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குற்றம் என் தலையிலிருந்து இறங்கிவிட்டது. அவள் தலையில் ஏறவும் செய்தது. ஆனால் அவளே எடுத்து ஏற்றிக்கொண்டதால் எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லாமல் போய்விட்டது.

சார் சேவலை வாங்கி அதேபோலப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. புதுப் பொம்மை கிடைத்த மாதிரி இருந்தார். புளியங்கொட்டைகளை எடுத்தார். இந்த முறை ஒரு ரப்பர் வளையத்தையும் எடுத்து, வெள்ளைக் கொட்டையில் சுற்றிக் காட்டினார்.

"சுருட்டைய அடக்கி வெக்கிற ஒரு கட்டு இருக்கு. அது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேந்தும் வந்தாத்தான் கட்டும். ஒருத்தர்கிட்டேந்து மட்டும் வந்தா கட்டாது. இந்தச் சேவலுக்குள்ள சுருட்டை இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் கட்டு வாங்கிருக்கு. அதனால பாக்கறதுக்குச் சாதா. சிதம்பரத்துக் கோழிங்களுக்கு இந்தக் கட்டு ஜாஸ்தி போலருக்கு, அங்க இருக்கற வரைக்கும் வெளிய தெரியல. கடலூர்ப் பெட்டைங்ககிட்ட கட்டு இல்ல. அதனால இங்க பொறந்த குஞ்சுக்கு ஒரு பக்கத்துக் கட்டுதான். அவுந்துக்கிச்சு."

ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. "நெனச்சாச்சு. இனிமே பாக்கணும்" என்றார். ஒரு தனி அறையைக் காலி செய்து, சுவரையும் வலையையும் அவரே தடவிப் பார்த்தார். நான் நல்ல முட்டைக்கோழிகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வேண்டாம் என்றார். சேவலோடு இருந்த பெட்டையின் உடம்பில், பிரித்து வைத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அந்தப் பழைய சேவலின் வித்து தங்கும். அந்த முட்டையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சேவல் முகமே பார்க்காத என் இளம்பெட்டைகளை எடுத்து, அந்தச் சிவப்புச் சேவலோடு உள்ளே விட்டார். பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முட்டை எடுப்பதும் அவர்தான்.

என் வீட்டுப் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் அப்படிக் காத்திருக்கவில்லை. குஞ்சு பொரித்தது. எல்லாம் மஞ்சள் பஞ்சு. இறகு முளைக்கும் வரை தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் காலையில் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு குஞ்சின் இறக்கையை விரித்துக் காட்டினார். சுருட்டை. அடுத்தது சாதா. அதற்கடுத்தது சுருட்டை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வந்தன.

"கடலூர் கதவு கடலூர் கதவுதான்" என்று சொல்லி என் சாவியை என் கையில் கொடுத்தார். அதைப் பார்க்க வந்திருந்த ஜெயசீலி கைதட்டினாள். யார் கேட்டார்கள் அவளை?

அந்தப் பொங்கலுக்குத் தாய்க்கொட்டகைப் பொறுப்பு எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. கதவில் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. சேவலில் குற்றம் என்றும் ஆகிவிட்டது. முதலில் சொன்னதும் நான். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

சார் ஜெயசீலி பேரைச் சொன்னார்.

எனக்கு மரியாதை பார்க்கத் தோன்றவில்லை. எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் எதிரே போய் நின்றேன். "சிதம்பரத்துச் சேவல்தான்னு மொதல்ல சொன்னது நான் சார்."

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க."

"சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க" என்றார் சார். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அத ஒரு தடவ தூக்கிப் பாத்தீங்களா?"

என் கொட்டகையில் அத்தனை மாதம் நடமாடிய சேவல். என் கண்ணெதிரே தின்றது, கூவியது. ஒருநாளும் நான் அதைக் கையில் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அந்த நுனி என் விரலில்தான் முதலில் உரசியிருக்கும். நான் சும்மா இலைக்குப் போய் உட்கார்ந்தேன். ஜெயசீலி என் இலையில் நெய் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் அவளுக்குக் கீழே போயின. கீழே என்று அவள் ஒருநாளும் காட்டவில்லை. "அக்காவக் கேட்டுக்கங்க" என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் அனுப்புவாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு சேவலையும் ஓரத்திலிருந்து பார்த்து எடுப்பது பண்ணையின் சட்டமானது. அதற்கு யாரோ ஜெயசீலி முறை என்று பேர் வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நான் இறகு தடவிப் பார்ப்பது என்று சொல்லிப் பார்த்தேன், ஓரப் பார்வை என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில், "ஓ, ஜெயசீலி முறையா மேடம்?" என்பார்கள். 2011 டிசம்பரில் அடித்த தானே புயலில் பாதிக் கூரை பறந்து போனது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் என் கதவுகள் மட்டும் தாழ்ப்பாளோடு அப்படியே நின்றன. அதற்கு என் பேர் வைக்க ஒருவரும் இல்லை.

2012-இல் என் கடைசி நாள். மாலை போட்டு, படம் எடுத்து, எல்லாம் முடிந்தது. சாவிக்கொத்தை ஜெயசீலியிடம் கொடுக்கப் போனேன். கொட்டகையில் மூட்டைமேல் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பல வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததை அன்றாவது கேட்டுவிடவேண்டும் என்று தோன்றியது.

"அன்னிக்குச் சாரே கதவுன்னுதான் நெனச்சாரு. பண்ணையே நெனச்சுச்சு. ஒனக்கு மட்டும் சேவலப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு? அதுவும் ஒன் சேவல."

நான் ஏதோ புரியாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"நீங்கதான் பூட்னேன்னு சொல்லிட்டீங்களேக்கா. அப்பறம் கோழிய விட்டா வேற இன்னா இருக்கு பாக்க?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. சொல்லிவிட்டுச் சாவியை வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காமல், மடியில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் பெண்ணே, இதுதான் நீ கேட்ட முறை. சேவலை மடியில் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே இறக்கையை விரித்து, ஓரத்திலிருந்து பார்க்கவேண்டும். அதை யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். நானே எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சுருட்டைக் குஞ்சுகள் சிதம்பரத்தில், அவள் கொட்டகையில் முளைத்திருந்து, தன் கதவைப் பூட்டினேன் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தால், நான் எந்தச் சேவலையும் தூக்கிப் பார்த்திருக்கமாட்டேன். அடுத்த பஸ் பிடித்துப் போய், நேராக அவள் கதவைத்தான் ஆட்டிப் பார்த்திருப்பேன்.